கோல்ஃப் போட்டியில் லேசர் கருவியை அனுமதிக்கலாமா? ஒரு கெடியின் மகன் பதில்

தூரம் அளக்கும் எலெக்ட்ரோனிக் கருவிகளைப் போட்டியில் அனுமதித்தால் ஆட்டக்காரரின் திறமைக்கு என்ன மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால், உங்கள் கையில் லேசரைக் கண்ட யாரோ ஒரு மூத்தவர் "எங்கட காலத்தில" என்று ஆரம்பித்திருக்கிறார் போலிருக்கிறது. அவருக்காக அதை உறைக்குள் போட்டுவிடாதீர்கள். அனுமதிக்கலாம், அனுமதிக்கத்தான் வேண்டும்.

விதியைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஜனவரி 1 முதல் தூரம் அளப்பதற்குப் பொதுவாகவே அனுமதி உண்டு. வேண்டாம் என்று நினைக்கும் போட்டிக் கமிட்டிதான் உள்ளூர் விதி போட்டுத் தடுக்க வேண்டும். அதற்கு முன்னால் இது தலைகீழாக இருந்தது. தடைதான் பொது விதி; 2006 இலிருந்து கமிட்டி விரும்பினால் உள்ளூர் விதி மூலம் விட்டுக்கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். பெரிய போட்டிகளில் 2021 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் அனுமதித்தார்கள். அமெரிக்காவின் கியாவா தீவில் நடந்த அந்தப் போட்டியில் 50 வயது ஃபில் மிக்கல்சன் வென்று, மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் பட்டம் வென்றவர்களிலேயே மூத்தவர் ஆனார். கருவி இருந்ததால் வென்றார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே இருந்த எல்லோருக்கும்தான் அனுமதி இருந்தது.

இனி என் கதை. பொறுமை இல்லாதவர்கள் அடுத்த பதிலுக்குப் போகலாம்.

என் அப்பா கெடி, ஆட்டக்காரரின் பேக்கைத் தூக்கிக்கொண்டு கூடவே போய்த் தூரம் சொல்கிறவர். முதலில் நுவரெலியாவில் பேக் தூக்கினார், பிறகு கொழும்புக்கு வந்துவிட்டார். ஒரு எட்டு வைத்தால் ஒரு யார்ட் வரவேண்டும் என்று காலைப் பழக்கி வைத்திருந்தார். வீட்டிலிருந்து பஸ் ஹோல்டுக்குப் போகும்போதும் அதே எட்டுத்தான். அவரோடு கடைக்குப் போவது எங்களுக்குப் பெரிய தொல்லை. பாடசாலை விடுமுறையில் நானும் கூடப் போய் பேக் தூக்குவேன்.

தொண்ணூறுகளில் ஒரு போட்டி. அப்பா ஒரு பெரிய மனிதருக்குக் கெடி. 150 யார்ட் அடையாளத்திலிருந்து எட்டுப் போட்டுப் பார்த்துவிட்டு, "148 சேர், பின்காற்று இருக்கு" என்றார். அந்த மனிதர் காற்றைக் காதிலேயே வாங்கவில்லை. தன் பாட்டுக்கு ஒரு அயன் மட்டையை இழுத்து அடித்தார். பந்து கொடி இருக்கும் கிரீனைத் தாண்டிப் பின்னால் இருந்த பங்கரில், அதாவது மணல் குழியில், விழுந்தது. உடனே திரும்பி, மற்ற மூன்று பேருக்கும் அவர்களுடைய கெடிகளுக்கும் கேட்கும்படி, "உனக்கு எண்ணத் தெரியாதா?" என்றார். நானும் அங்கேதான் நின்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் பங்கர் மணலைச் சமப்படுத்தும் வேலைக்குப் போனார். கடைசியில் கையில் கிடைத்த காசும் வழக்கத்தை விடக் குறைவு.

எல்லோரும் போன பிறகு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குத் திரும்பி வந்தார். பந்து அடித்த இடத்தில் புல் பெயர்ந்த தழும்பு அப்படியே இருந்தது. அங்கிருந்து கொடி வரைக்கும் எட்டுப் போட்டார். 148. "போய் அவர்கிட்டச் சொல்லுங்கப்பா" என்றேன். "சொல்லி?" என்றார். அவ்வளவுதான்.

ஒரு ஆளை வைத்து எல்லோரையும் சொல்லாதே என்று எழுத யாராவது வருவீர்கள். தெரியும். எனக்குப் பாடசாலைப் புத்தகம் வாங்கித் தந்தவரும் ஒரு கிளப் மெம்பர்தான். நான் ஆட்களைப் பற்றிச் சொல்லவில்லை. தூரத்தை வாயால் சொன்ன காலத்தில், அது சரியோ பிழையோ, பேச்சு வாங்கியது கெடிதான். இப்போது ஆட்டக்காரரே தன் கண்ணால் பார்த்து, தன் விரலால் அழுத்தித் தூரத்தை எடுக்கிறார். அதற்குப் பிறகு பந்து பங்கருக்குப் போனால் யாரைத் திட்டுவார்? லேசர் வந்தால் கெடியின் பிழைப்புப் போய்விடும் என்று கண்ணீர் விடுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கிரீனின் சாய்வைப் பார்க்க, புதருக்குள் பந்தைத் தேட, காற்றைச் சொல்ல இன்னும் ஆள் வேண்டும்.

திறமை குறையும் என்ற வாதத்துக்கு வருகிறேன். என் ஹண்டிகெப் 22, அதாவது சாதாரண ஆட்டக்காரன், கம்பனி ஆட்களோடு விளையாடுகிறவன், அதனால் பெரிய ஆள் மாதிரிப் பேசவில்லை. ஆனால் தூரம் எப்போதுமே ரகசியமாக இருந்ததில்லை. மைதானத்தில் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரிங்க்ளர் மூடியில் எழுதியிருக்கிறது, மைதானத்தின் தூரங்களைக் குறித்த யார்டேஜ் புத்தகத்தில் இருக்கிறது. விதிப்படி அது எல்லோருக்கும் பொதுவான தகவல். எதிராளியிடமே "கொடிக்கு எவ்வளவு?" என்று கேட்கலாம், அவரும் சொல்லலாம். "எந்த அயன் எடுத்தீங்க?" என்று கேட்டால்தான் தண்டனை, மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக். அப்படியென்றால் விதி எதைத் திறமை என்று நினைக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் மூத்தவர்கள் பக்கம். ஏற்ற இறக்கத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஸ்லோப் வசதி போட்டியில் கூடாது. விதியும் அதைத்தான் சொல்கிறது. கருவியில் அந்த வசதி இருக்கலாம், ஆனால் அணைத்து வைத்திருக்க வேண்டும். முதல் முறை பிடிபட்டால் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு ஸ்ட்ரோக், மறுபடியும் செய்தால் போட்டியிலிருந்தே வெளியே. கொழும்புத் தரை தட்டையானது, இங்கே பெரிய வித்தியாசம் தெரியாது. நுவரெலியாவுக்குப் போய்ப் பாருங்கள். 1,800 மீற்றருக்கு மேல் காற்று மெல்லியது, பந்து கூடுதலாகப் பறக்கும், கொடி சில இடத்தில் தலைக்கு மேலே, சில இடத்தில் காலுக்குக் கீழே. அங்கே லேசர் 140 என்று சொன்னால், அந்த 140 ஐ வைத்து என்ன செய்வது என்பது முழுக்க உங்கள் மூளையில்தான் இருக்கிறது.

அப்புறம் நேரம். 1879 இல் ஆரம்பித்து 1896 இல் பொரளைப் பக்கம் இடம் மாறிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில் ஓடுகிறது. ரயிலுக்காகக் காத்து நிற்பதில் எனக்கு வருத்தமே இல்லை. முன்னால் போகிற நான்கு பேரும் ஸ்ப்ரிங்க்ளர் மூடி தேடி உலாத்துவதற்காக நிற்பதுதான் எரிச்சல். அமெரிக்க பிஜிஏ டூர் 2025 இல் சில போட்டிகளில் கருவியைச் சோதித்துப் பார்த்ததும் ஆட்டத்தின் வேகம் பற்றிய முறைப்பாடுகளால்தான்.

    

வாங்கப் போகிறீர்கள் என்றால்: கைத்தொலைபேசி ஜிபிஎஸ் கிரீனின் முன், நடு, பின் தூரத்தைச் சொல்லும். இன்று ஓட்டை எந்த மூலையில் வெட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. லேசர் கொடியையே அளக்கும், ஆனால் கை ஆடினால் பின்னால் இருக்கும் மரத்தைப் பிடித்துவிடும். இரண்டு தரம் அழுத்திப் பாருங்கள். ஸ்லோப் சுவிட்ச் வெளியில் தெரிகிற மாடலாக எடுத்தால் கூட விளையாடுகிறவர் சந்தேகப்பட மாட்டார். பல லேசர்களுக்கு சிஆர்2 பட்டரி வேண்டும், பெட்டிக்கடையில் கிடைக்காது, கமரா கடையில் கேளுங்கள். போட்டியன்று காலையில் நோட்டீஸ் போர்டில் உள்ளூர் விதியையும் ஒருதரம் வாசித்துவிடுங்கள்.