திருப்பூர் வீட்டை விற்று வால்பாறையில் ஆற்றோரம் குடியேறலாமா?

கேள்வி: எனக்கு வயது 59. திருப்பூரில் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அடுத்த மே மாதம் 60 முடிந்து ஓய்வு. மனைவிக்கு 56, வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள், திருமணமாகி பெங்களூரில் இருக்கிறாள். கடன் எதுவும் இல்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்ந்து 42 லட்சம் வரும். வங்கி டெபாசிட் 18 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 10 லட்சம். ஈ.பி.எஸ். பென்ஷன் மாதம் 4,600 ரூபாய் கிடைக்கும். 2004-ல் 12 லட்சத்துக்கு வாங்கிய வீடு இன்று 70 லட்சம் போகும். மாதச் செலவு 38,000 ரூபாய்.

வால்பாறை மேல் எனக்குப் பல வருட ஆசை. அங்கே ஆற்றை ஒட்டி 12 சென்ட் இடம், 30 லட்சம் என்று ஒரு தரகர் காட்டினார். 40 லட்சத்தில் வீடு கட்டி இரண்டு அறையை ஹோம்ஸ்டேவாக விட்டால் மாதம் 25,000 வரும், அங்கே குடும்பம் நடத்த 20,000 போதும் என்கிறார். ஆவணி முதல் வாரம் கிரயம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு முன் 3 லட்சம் முன்பணம் வேண்டும் என்கிறார். திருப்பூர் வீட்டை விற்றால் மலைச் செலவு சரியாகிவிடும், கைப்பணம் 70 லட்சம் அப்படியே இருக்கும். எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மனைவிக்கும் சம்மதம்தான். துணியலாமா?

பதில்: வால்பாறைக்குப் போங்கள். ஆனால் திருப்பூர் வீட்டை விற்காமல், அந்த 12 சென்ட்டை வாங்காமல், வாடகைக்குப் போங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழை மாதங்களும் சேர்ந்து ஒரு வருஷமாவது அங்கே இருந்து பாருங்கள். மலைக்குப் போகும் செலவை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள், உங்கள் கணக்கிலும் அது இருக்கிறது. இறங்கி வர நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை.

முதலில் தேதியைப் பாருங்கள். கிரயம் ஆவணியில். ஓய்வுப் பணம் வருவது அடுத்த மே மாதத்துக்குப் பிறகு. ஆக, ஆவணியில் உங்கள் கையில் இருக்கப்போவது 70 லட்சம் அல்ல. டெபாசிட்டும் ஃபண்டும் சேர்ந்து வெறும் 28 லட்சம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால் 30 லட்சம் நிலத்துக்கு இன்னொரு 2 லட்சத்து 70 ஆயிரம் வேண்டும். அதாவது இருப்பதை எல்லாம் துடைத்துப் போட்டாலும் 4 லட்சத்து 70 ஆயிரம் குறைகிறது. அந்த அவசரத்தில்தான் திருப்பூர் வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிடத் தோன்றும். தரகர் குறிக்கும் தேதி தரகருக்குச் சௌகரியமான தேதி.

எழுபதுக்கு எழுபது சரியாகிவிடும் என்பதும் நடக்காது. வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி இருக்கிறது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால் இரண்டு வழி உண்டு. 58 லட்சம் லாபத்துக்கு நேராக 12.5 சதவீதம் கட்டினால் ஏழேகால் லட்சம். 2025-26-க்கான பணவீக்கக் குறியீட்டை (376) வைத்து வாங்கிய விலையை உயர்த்திக் காட்டி, மீதிக்கு 20 சதவீதம் கட்டினால் சுமார் 6 லட்சம். இரண்டிலும் வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரி தனி. புது வீடு கட்டினால் இந்த வரி வேண்டாமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் விற்ற நாளில் இருந்து மூன்று வருஷத்துக்குள் கட்டி முடிக்க வேண்டும். வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத பணத்தை வங்கியில் இதற்கென்றே இருக்கும் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டு வைக்கவும் வேண்டும். வருஷத்தில் நான்கு மாதம் மழை கொட்டும் ஊரில், அனுமதிக்கே அலைய வேண்டிய இடத்தில், மூன்று வருஷம் என்பது நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் ஓடிவிடும். ஆழியாறில் இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையும் கம்பியும் மேலே வரும். சரிவில் கட்டினால் தடுப்புச் சுவர் தனிச் செலவு. நானாக இருந்தால் உங்கள் 40 லட்சத்தை 50 என்று எழுதிக்கொண்டுதான் கணக்கையே தொடங்குவேன்.

அடுத்து அந்த இடம். வால்பாறையைச் சுற்றி இருப்பவை பெரும்பாலும் தேயிலை எஸ்டேட்டுகள். அதைத் தாண்டினால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். தனியார் பட்டாவாக விலைக்கு வரும் நிலம் அங்கே மிகக் கொஞ்சம். அதனால், ஆற்றை ஒட்டி, 12 சென்ட், அதுவும் அவசரக் கிரயம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. ஆற்றங்கரையில் பல இடம் புறம்போக்காக இருக்கும், அதற்குப் பட்டாவே கிடையாது. சர்வே எண்ணை வாங்கி, பட்டா, அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு), புல வரைபடம் (நிலத்தின் எல்லை அளவுப் படம்) மூன்றையும் அரசு இணையதளத்தில் நீங்களே எடுத்துப் பாருங்கள். 30 வருஷ வில்லங்கச் சான்று போடுங்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும். "பவர் பத்திரம் போட்டுக்கலாம், நோட்டரி அக்ரிமெண்ட் போதும்" என்ற பேச்சு வந்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். பவர் பத்திரத்தால் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. மலைக் கிராமப் பட்டியலில் வரும் சர்வே எண் என்றால் ஹாக்கா என்று சொல்லப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் வேண்டும். வனத்துறை, வருவாய்த்துறை என்று பல மேசைகளைக் கடந்து வருகிற காகிதம் அது. பத்திரம் உங்கள் பெயரில் இருந்தும் ஒரு செங்கல் வைக்க முடியாமல் போகலாம்.

20,000 ரூபாயில் குடும்பம் நடத்தலாமாம். அரிசியும் பருப்பும் காய்கறியும் பொள்ளாச்சியில் இருந்துதான் ஏறி வருகின்றன, வண்டி வாடகையோடு. ஈரத்தில் துணி பூசணம் பிடிக்கும், கூரை ஒழுகும், வெந்நீர் இல்லாமல் ஓட்ட முடியாது. இதெல்லாம்கூடச் சில்லறைதான். மலையில் பெரிய செலவு தூரம். வால்பாறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது, காய்ச்சலுக்கும் சின்னக் காயத்துக்கும் போதும். நெஞ்சுவலி, பக்கவாதம் என்றால் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோதான் அனுப்புவார்கள். பொள்ளாச்சி சுமார் 65 கிலோமீட்டர், மலைப்பாதையில் இரண்டு இரண்டரை மணி நேரம். கோவை அங்கிருந்து இன்னும் 40. சர்க்கரை உள்ளவருக்கு இந்தத் தூரம் ஒரு பணக்கணக்கும்தான். மாதாந்திரப் பரிசோதனைக்கு இறங்கி ஏறும் செலவு, அவசரத்துக்கு ராத்திரி வண்டி, கீழே தங்கும் அறை எல்லாம் அதில் வரும்.

ராத்திரி என்றதும் யானையைச் சொல்லாமல் விட முடியாது. வால்பாறைப் பக்கம் யானை நடமாட்டத்தை மக்களுக்குக் குறுஞ்செய்தியிலும், தூரத்தில் இருந்தே தெரியும் சிவப்பு விளக்குகளாலும் எச்சரிக்கும் ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு கொண்டுவந்து பல வருஷமாகிறது. சிறுத்தையும் உண்டு. இருட்டிய பிறகு வெளியே நடப்பது அங்கே பழக்கம் இல்லை. ஆற்றோரத் தனி வீட்டில் இரண்டு பேர் என்பதை இதை வைத்து யோசியுங்கள். என்றாவது அங்கே சொந்த வீடு கட்டினால் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டை விடாதீர்கள். வெள்ளம், நிலச்சரிவு இரண்டும் அதில் அடக்கம். யானை சுவரை இடித்தால் வருமா என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், ரேஷன் கடைச் சுவரையே உடைக்கிற ஊர் அது.

ஹோம்ஸ்டே வருமானத்தைக் கணக்கில் பூஜ்யம் என்று போடுங்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தை வைத்து வருஷம் முழுவதற்கும் பெருக்குவது தரகர்களின் பழைய வித்தை. அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும், சுற்றுலாத் துறையில் பதிய வேண்டும், ஆள் வைக்க வேண்டும். 65 வயதில் விருந்தாளிக்குப் படுக்கை விரிப்பதற்குப் பெயர் ஓய்வு இல்லை.

சரி, பணத்தை எப்படி அமைப்பது? வீட்டை விற்காவிட்டால் உங்களிடம் கையில் 70 லட்சம், அத்துடன் வாடகை தரும் ஒரு வீடு. இது நல்ல நிலைமை.

ஓய்வுப் பணம் வந்ததும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சத்தைப் போடுங்கள். 2023 ஏப்ரலில் இருந்து வட்டி 8.2 சதவீதம். புதிய டெபாசிட்டுக்கான விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். நீங்கள் போட்ட நாளின் வட்டி உங்களுக்கு ஐந்து வருஷம் மாறாது. காலாண்டுக்கு 61,500, மாதத்துக்குப் பிரித்தால் 20,500. தபால் அலுவலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் சேர்த்து 15 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. பென்ஷன் 4,600. திருப்பூர் வீட்டு வாடகை 14,000 என்று வைப்போம். மொத்தம் 48,350. வால்பாறையில் வாடகை 10,000 போனாலும் 38,350 மிஞ்சுகிறது, இன்றைய உங்கள் செலவு அதுதான். புதிய வரி முறையில் இந்த வருமானத்துக்கு வரி வராது. ஆனால் வட்டி வருஷத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் தபால் அலுவலகமோ வங்கியோ வரி பிடிக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மீதி 25 லட்சம். இதில் 10 லட்சத்தை வங்கியில் இரண்டு மூன்று சிறு டெபாசிட்டாக உடைத்து மருத்துவத்துக்கென்று ஒதுக்குங்கள், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி. 15 லட்சம் ஃபண்டில் வளரட்டும். விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினால் உங்கள் 38,000 பன்னிரண்டு வருஷத்தில் 76,000 ஆகிவிடும், தபால் அலுவலக வட்டி அப்படி ஏறாது. வாடகையும் இந்த 15 லட்சமும்தான் அப்போது துணை. திருப்பூர் வீட்டை விற்றுவிட்டால் மாதம் 14,000 போவதோடு, விலைவாசியோடு சேர்ந்து ஏறும் ஒரே வருமானமும் போகிறது.

வேலையை விடுவதற்கு முன்பே தனியாக ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஆலை தரும் குழுக் காப்பீடு ஓய்வோடு முடிந்துவிடும். ஏற்கனவே உள்ள சர்க்கரைக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை இருக்கலாம், அதனால் இன்று எடுத்தால் அந்தக் கடிகாரம் இன்றே ஓடத் தொடங்கும். 2025 செப்டம்பர் 22-ல் இருந்து தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். பொள்ளாச்சியிலும் கோவையிலும் பணம் கட்டாமல் சேரக்கூடிய மருத்துவமனைகள் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

"மனைவிக்கும் சம்மதம்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அவருக்கு உங்களைவிட மூன்று வயது குறைவு. உங்களுக்குப் பிறகு அந்த ஆற்றோர வீட்டில் அவர் தனியாக இருப்பாரா? வண்டி ஓட்டத் தெரியுமா? உங்கள் பென்ஷனில் பாதிதான் அவருக்கு வரும். அப்போது அந்த வீட்டை விற்க நினைத்தால் வாங்க ஆள் கிடைப்பாரா? திருப்பூரில் ஒரு வீடு சில மாதத்தில் கைமாறும், அனுமதிச் சிக்கல் உள்ள மலை வீட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரும். இன்னொன்று, வால்பாறை எஸ்டேட்டுகளில் காலம் முழுக்க உழைத்தவர்கள் ஓய்வு பெற்றதும், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்குகிறார்கள். நீங்கள் அந்த வயதில் மேலே ஏறுகிறீர்கள். அவர்களில் யாரிடமாவது பேசிப் பாருங்கள், முதுமையில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்பது தரகரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வருஷம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. அப்போது திருப்பூர் வீட்டை நிதானமாக, நல்ல விலைக்கு விற்றுப் பொள்ளாச்சியில் மருத்துவமனைக்குப் பக்கமாக அளவான வீடு ஒன்று வாங்குங்கள். வரி விலக்கும் சிக்கலில்லாமல் கிடைக்கும். வால்பாறையில் வாடகை வீட்டைத் தொடருங்கள், ஆற்றோரத்தில் அல்ல, பேருந்து நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில். ஆற்றைப் பார்க்க தினமும் போய்வரலாம்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால், பணம் எந்தத் தேதியில் எந்த வழியில் போனது என்ற ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பட்டா, ஹாக்கா அனுமதி, மூலப் பத்திரம் மூன்றையும் குறிப்பிட்ட நாளுக்குள் காட்டும்படியும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரும்படியும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் தரகருக்கு மட்டும் போனால் போதாது, நிலத்தின் சொந்தக்காரர் பெயருக்கும் போக வேண்டும்.