ஆயில் பெயின்ட்டுக்கு கேன்வாஸ், பலகை, காகிதம், உலோகத் தகடு ஆகியவற்றை எப்படித் தயார் செய்வது? எல்லாவற்றுக்கும் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மட்டும் அடித்தால் போதாதா?

போதாது. அடித்தளத்துக்கு இரண்டு வேலைகள் உண்டு: எண்ணெய் உள்ளே இறங்காமல் தடுப்பது, பெயின்ட்டுக்குப் பிடிப்புக் கொடுப்பது. ஜெஸ்ஸோ பிடிப்பை நன்றாகத் தரும். தடுப்பை அரைகுறையாகத்தான் தரும். எந்தப் பரப்பை எடுத்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் கேன்வாஸ். ஆளி விதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. அது நூலுக்குள் இறங்கினால் நூல் பழுப்பேறி, பல ஆண்டுகளில் சருகு மாதிரி ஒடியும். ஹெலன் ஃப்ராங்கென்தாலர் 1952-ல் வரைந்த ‘மவுன்டன்ஸ் அண்ட் சீ’ ஓவியம் பூச்சே இல்லாத துணியில் வரையப்பட்டது. நிறத்தைச் சுற்றி எண்ணெய் கசிந்த வளையங்கள் அதில் தெரியும். அழகுதான், ஆனால் துணிக்கு நல்லதல்ல.

ஆகவே முதலில் தடுப்பு. அக்ரிலிக் மீடியம் (நிறம் சேர்க்காத அக்ரிலிக் திரவம்) அல்லது அமிலத்தன்மை இல்லாத பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசை, மெல்லியதாக இரண்டு கோட். பழைய முறையில் வச்சிரம் போன்ற விலங்குப் பசையைப் போடுவார்கள்: 1 பங்கு பசைக்கு 10 முதல் 15 பங்கு தண்ணீர், இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவது. கொதித்தால் பசையின் வலு போய்விடும். துணிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றில் ஈரம் ஏறினால் தளர்ந்து, ஈரம் குறைந்தால் சுருங்கி இழுக்கும். இறுகிப்போன பெயின்ட்டால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது, வெடித்துவிடும்.

தடுப்புப் பூச்சு காய்ந்ததும் அதன் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ மூன்று கோட். ஒன்று கிடைவாக்கில், அடுத்தது நெடுக்குவாக்கில். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கவும். தண்ணீர் கலந்தால் ஜெஸ்ஸோவின் அளவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று நாள் காத்திருங்கள். ஒரு மணி நேரத்தில் கைக்கு ஒட்டாது, ஆனால் உள்ளே ஈரம் இருக்கும்.

பிறகு இரண்டு சோதனை. காய்ந்த விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, மேலே வரையும் பெயின்ட்டும் அதோடு உரியும். அடுத்து, ஒரு மூலையில் ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் விட்டு மறுநாள் பின்பக்கம் பாருங்கள். கறுத்த புள்ளி தெரிந்தால் பூச்சில் ஊசித்துளைகள் இருக்கின்றன, இன்னொரு கோட் வேண்டும். ரெடிமேட் கேன்வாஸ்களில் பல இந்தச் சோதனையில் தேறுவதில்லை. ஆனால் அவற்றின் மேல் ஜெஸ்ஸோ அடிக்கும் முன், ஓரத்தில் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அக்ரிலிக் பூச்சு, தாராளமாக அடிக்கலாம். அசையவே இல்லை என்றால் அது எண்ணெய்ப் பூச்சாக இருக்கலாம். அதன் மேல் அக்ரிலிக் நிற்காது.

அடுத்து பலகை. ஹார்டுபோர்டு, எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), ப்ளைவுட் மூன்றும் துணியைவிட விறைப்பானவை என்பதால் வெடிப்புக் குறைவு. இங்கே தொல்லை வேறு: தண்ணீர் கலந்த ஜெஸ்ஸோ மரத்திலுள்ள பழுப்புச் சாயத்தை மேலே இழுத்து மஞ்சளாகிவிடும். முதலில் அக்ரிலிக் மீடியம் இரண்டு கோட், அது நன்றாகக் காய்ந்தபின் ஜெஸ்ஸோ. முன்பக்கம் மட்டும் அடித்தால் பலகை வளையும், அதனால் பின்பக்கமும் ஓரங்களும் சேர்த்து. எம்.டி.எஃப். ஓரத்தை விட்டுவிட்டால் ஈரம் குடித்து உப்பும். ப்ளைவுட்டின் மேல்தாள் இழைவாக்கில் கீறல் விடும் என்பதால் அதன்மேல் துணி ஒட்டிவிடுவது பாதுகாப்பு. விலங்குப் பசையும் சாக்பீஸ் போன்ற சுண்ணத்தூளும் சேர்த்த அந்தக் கால ஜெஸ்ஸோவைப் பலகையில் மட்டுமே அடிக்கலாம், துணியில் நொறுங்கும்.

காகிதமென்றால் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள (300 ஜி.எஸ்.எம்.) பருத்திக் காகிதம், நான்கு ஓரமும் டேப் ஒட்டி, அக்ரிலிக் மீடியம் இரண்டு கோட். பயிற்சிக்கு இதுவே போதும்.

உலோகத்தில் கணக்கு தலைகீழ். எண்ணெய் உள்ளே போகவே போகாது, பிடிப்புதான் இல்லை. செம்போ அலுமினியமோ, ஆல்கஹாலால் பிசுக்கைத் துடைத்து, 320 அல்லது 400 நம்பர் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்து, மறுபடி துடைக்கவும். அதன்பின் விரல் படக் கூடாது. மெல்லிய ஆல்கைட் (எண்ணெய் கலந்த செயற்கைப் பிசின்) அடிப்பூச்சு ஒன்று அடித்து, ஒரு வாரம் காயவிடுங்கள். ஜிங்க் ஒயிட் என்ற வெள்ளை நிறமி இல்லாத பூச்சாகப் பார்த்து வாங்குங்கள், அந்த நிறமி சேர்ந்த எண்ணெய்ப் பூச்சு நாளாக நாளாக நொறுங்கும். தண்ணீர் கலந்த ஜெஸ்ஸோவைச் செம்பின் மேல் நேரடியாக அடித்தால் பச்சைக் களிம்பு ஏறலாம்.

வரையும்போதும் வித்தியாசம் தெரியும். வழவழப்பான தகட்டில் முதல் கோட் வழுக்கிக்கொண்டே போகும். மென்மையான பிரஷால் மெல்லியதாகத் தடவி, காயவிட்டுப் பிறகு தொடருங்கள். உறிஞ்சும் ஜெஸ்ஸோவில் அடர் நிறங்கள் திட்டுத்திட்டாக மங்கும். உடனே பெயின்ட்டில் எண்ணெயைக் கூட்டிவிடாதீர்கள், கீழ் அடுக்கில் எண்ணெய் மிகுந்தால் மேல் அடுக்கு வெடிக்கும். கைக்கு ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின், எண்ணெயும் டர்பென்டைனும் சம அளவில் கலந்து மங்கிய இடத்தில் மட்டும் தடவி, இரண்டு நிமிடம் கழித்துப் பஞ்சில்லாத துணியால் முழுக்க ஒற்றி எடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் தட்டையாக விரித்துக் காயவையுங்கள். எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும்.