விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 14 ஆண்டுகளாக ஓட்டுநராக இருக்கிறேன். லீவு நாளில் பைக்கில் போனபோது விபத்து. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். “இனி பஸ் ஓட்ட முடியாது, விருப்ப ஓய்வு கொடுத்தால் பணமாவது சீக்கிரம் வரும்” என்று டெப்போவில் சொன்னதால் எழுதிக் கொடுத்துவிட்டேன். உத்தரவு இன்னும் வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. உத்தரவு வரவில்லை என்பது உங்களுக்குச் சாதகம், அதனால் இன்றைக்கே இப்படி எழுதிக் கொடுங்கள்: “என் சட்ட உரிமை தெரியாத நிலையில் கொடுத்த விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 20(4)-இன்படி அதே சம்பள விகிதத்தில் மாற்றுப் பணி கோருகிறேன்.” நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு அனுப்பக்கூடாது, பதவியிறக்கமும் செய்யக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவு. பழைய வேலை செய்ய முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்திலும் பணிப் பலன்களோடும் வேறு பணி தர வேண்டும். காலியிடமே இல்லையென்றால், பொருத்தமான இடம் கிடைக்கும் வரையோ ஓய்வு வயது வரையோ கூடுதலாக ஒரு பணியிடம் உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். விபத்து டூட்டியில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அரசுக்குச் சொந்தமான கழகங்களும் இதற்குள் வரும்.

ஒருவேளை ஓய்வு உத்தரவு வந்துவிட்டாலும் மனம் தளர வேண்டாம். பஞ்சாப் மாநில மின்வாரியத்தில் பார்வை முழுவதும் இழந்த ஒரு ஊழியர், இதே பாதுகாப்பைத் தந்த அன்றைய பழைய சட்டம் தெரியாமல் தானே ஓய்வு கேட்டு எழுதினார். வாரியம் ஏற்றுக்கொண்டது. 2008-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திரும்பத் தந்தது. அவருக்குள்ள உரிமையை எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது அதிகாரிகள்தான் என்றது. கஷ்டத்தில் இருக்கும் மனிதரிடம் உரிமையைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது எனக்கும் பெரிய அநியாயமாகவே படுகிறது.

டெப்போ மசியவில்லையென்றால் சென்னையில் உள்ள மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுங்கள். அவர் பரிந்துரைத்தால் கழகம் நடவடிக்கை எடுத்து மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் காரணத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும். அதற்கும் அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது கழகத்துக்கு உத்தரவிடக் கோரும் மனு. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

இதோடு சேர்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கும் (UDID) விண்ணப்பித்துவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவுவார்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று இருந்தால், பழைய முறையில் வருமான வரி கட்டுபவருக்கு ரூ.75,000 கழிவு கிடைக்கும். வேலை கேட்கும் மனுவை மட்டும் அட்டை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இப்போதைக்கு ஆஸ்பத்திரியில் தந்த டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்தே கொடுத்துவிடுங்கள்.