வெப்பக்கொள் வினை வெப்பத்தை உள்ளே வாங்குகிறது என்றால், பீக்கர் சூடாகாமல் ஏன் குளிர்கிறது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக மனம் வரவில்லை. நீங்கள் பள்ளியில் அறிவியல் படிக்கிறீர்கள், இதை வகுப்பில் கேட்டு, "வரையறையை மனப்பாடம் பண்ணு, போதும்" என்று உட்காரவைக்கப்பட்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றாலும் பதில் மாறப்போவதில்லை.

வெப்பத்தை வாங்குவது வினை. தெர்மாமீட்டர் நிற்பதோ தண்ணீரில். தண்ணீர் தன்னிடம் இருந்ததைக் கொடுத்தது, அதனால் குளிர்ந்தது. பீக்கரைத் தொடும் உங்கள் விரலும் கொடுக்கிறது, அதனால்தான் சில்லென்று இருக்கிறது. கடன் வாங்கியவனை விட்டுவிட்டுக் கொடுத்தவன் பையைத் தடவிப் பார்த்தால் அது இளைத்துத்தானே இருக்கும்?

"சரி, வாங்கிய வெப்பம் எங்கே போயிற்று? வாங்கிய பொருளாவது சூடாக வேண்டாமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கேட்கவும் வேண்டும். வெப்பநிலை என்பது துகள்கள் எவ்வளவு வேகமாக ஆடி ஓடுகின்றன என்பதைக் காட்டும் அளவு. வினை வாங்கிய ஆற்றல் அந்த ஓட்டத்துக்குப் போகவில்லை. துகள்களை ஒன்றின் பிடியிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கச் செலவாகி, புதிய அமைப்பில் நிலை ஆற்றலாகத் தங்கிவிட்டது. அதைப் பார்க்கத் தெர்மாமீட்டருக்குக் கண் கிடையாது.

இந்தக் கேள்வி என்னைத் தைப்பதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் எடுத்தேன். ஒரு வகுப்பில் பீக்கர் தண்ணீரில் அம்மோனியம் குளோரைடை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். தண்ணீரின் எடையில் கால் பங்குக்குமேல் உப்பு போனால் வெப்பநிலை பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். சற்று நேரத்தில் பீக்கரின் வெளிப்பக்கம் மங்கி, முத்து முத்தாக நீர் கோத்தது. முன்வரிசைப் பையன், "சார், பீக்கர் ஒழுகுது" என்றான். காற்றிலிருந்த ஈரம்தான் குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருந்தது. அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவி எழுந்து நீங்கள் கேட்டதையே கேட்டாள், ஏறக்குறைய இதே சொற்களில். மற்ற பாடத்தை ஓரம்கட்டிவிட்டு அந்தப் பீரியட் முழுவதையும் அவள் கேள்விக்கே கொடுத்தேன். பின்பெஞ்சில் மேற்பார்வைக்கு வந்து உட்கார்ந்திருந்த மூத்த ஆசிரியர் வெளியே வந்ததும் சொன்னார்: "தம்பி, இந்த வேகத்தில் போனால் சிலபஸ் முடியாது. வரையறைக்குத்தான் மார்க்." அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு மார்க் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பாடத்தில் அதைவிட நல்ல கேள்வி கிடையாது என்பது இன்றும் என் கட்சி.

இந்த இடத்தில் யாராவது, "உப்பு கரைவது வேதிவினையே இல்லை, இயற்பியல் மாற்றம்" என்று கமெண்டில் வருவார்கள். தெரியும் ஐயா. படிகத்திலிருந்து அயனிகள் எனும் மின்னூட்டத் துகள்களைப் பிரிக்க ஆகும் ஆற்றல், நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழும்போது திரும்பக் கிடைப்பதைவிட அதிகம், அதனால் குளிர்கிறது. இதற்கு வினை என்று பெயர் வைக்கலாமா கூடாதா என்று நீங்கள் வாதாடிக்கொள்ளுங்கள், கணக்கு ஒன்றுதான். சந்தேகமில்லாத வேதிவினைதான் வேண்டுமென்றால் சிட்ரிக் அமிலக் கரைசலில் சமையல் சோடாவைப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும், கார்பன் டை ஆக்சைடு வரும். பொங்குவதைப் பார்த்துச் சூடாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். தெர்மாமீட்டரோ இறங்கிக்கொண்டிருக்கும்.

தெர்மாமீட்டர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. நான் இருந்த பள்ளியில் தெர்மாமீட்டர்கள் ஒரு பீரோவில் பூட்டிக் கிடந்தன. "பசங்க உடைச்சிடுவாங்க" என்பது காரணம். ஒன்றை வெளியே எடுக்க லெட்ஜரில் கையெழுத்து, சாவி வைத்திருப்பவர் அன்று வந்திருக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு கையெழுத்து. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அத்தனையும் துடைத்து மேசையில் அணிவகுத்து நிற்கும். வெப்ப மாற்றம் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே நடத்தி முடித்த வகுப்புகள் அங்கே ஏராளம். உங்கள் குழப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். எனக்கென்னவோ இருக்கிறது என்றுதான் படுகிறது.

அப்புறம் இன்னொரு விஷயம். கேள்விக்குக் கீழே நீங்கள் தந்த விளக்கத்தின் கடைசி வரியில், "பிணைப்புக்குள் இருக்கும் ஆற்றல், பிணைப்பு உடையும்போது வெளியே வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை முதலில் விட்டொழியுங்கள். அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் செலவாகும், விதிவிலக்கு இல்லை. பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிவரும். ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்து ஹைட்ரஜன் குளோரைடு ஆவதைப் பாருங்கள். ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியல் வைத்திருக்கும் அளவு) ஹைட்ரஜனின் பிணைப்பை உடைக்க 436 கிலோஜூல், ஒரு மோல் குளோரினுக்கு 242. மொத்தச் செலவு 678. உருவாவது இரண்டு மோல் ஹைட்ரஜன் குளோரைடு, மோலுக்கு 431 வீதம் வரவு 862. செலவு போக மிச்சம் 184 கிலோஜூல் வெளியே வருகிறது. இது வெப்ப உமிழ் வினை. வரவைவிடச் செலவு கூடினால் அந்தப் பற்றாக்குறையைச் சுற்றுப்புறம் கட்ட வேண்டும், அதுதான் உங்கள் குளிர்ந்த பீக்கர். தேர்வில் வெப்ப மாற்றத்துக்குக் குறி போடும்போதும் வினையின் பக்கம் நின்றே பாருங்கள்: வினைக்கு ஆற்றல் வந்தால் நேர்க்குறி, வினையை விட்டுப் போனால் எதிர்க்குறி. (புத்தகத்துக்குப் புத்தகம் பிணைப்பு ஆற்றல் ஓரிரு கிலோஜூல் மாறும். அதை வைத்துச் சண்டைக்கு வராதீர்கள்.)

வெப்பத்தைக் கேட்கும் வினை தானாக ஏன் நடக்கிறது என்பது நியாயமான அடுத்த கேள்வி. துகள்கள் பரவிச் சிதறுவதற்கும் அதில் பங்கு உண்டு. அது என்ட்ரோபி, மேல் வகுப்பில் வரும்.

ஆய்வகம் கிடைத்தால் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். நீலப் படிகத்தைச் சோதனைக்குழாயில் சூடாக்கினால் நீர் போய் வெள்ளைப் பொடியாகும்; அதற்கு அடுப்பு ஆற்றல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் நன்றாக ஆறிய பிறகு பொடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நீலம் ஓடி வரும், குழாயின் வெளிப்பக்கத்தைத் தொட்டால் சூடு தெரியும். ஒரு பொருளைப் பிரிக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அது உருவாகும்போது அவ்வளவே வெளிவரும் என்று பிரெஞ்சு அறிஞர்கள் லவாய்சியரும் லாப்லாசும் 1780களிலேயே சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் செய்வதென்றால் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் போதும். கண்ணாடி டம்ளர் வேண்டாம், தெர்மோகோல் கப்பில் செய்யுங்கள்; வெளியிலிருந்து வெப்பம் அவ்வளவு சீக்கிரம் உள்ளே வராது, இறக்கம் நன்றாகத் தெரியும். மூடி போட்டு இறுக்கிவிடாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும்.