அப்பா கட்டிய பீஸும் என் சொந்தக் காலும்

பிளஸ் டூ ரிசல்ட், கட்-ஆஃப், கவுன்சிலிங் என்று வீடுகள் பரபரக்கும் நேரம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் படிப்புச் செலவைப் பற்றியே இருந்தன. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: எனக்கு 32 வயது. அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பி.எஃப். கடன் போட்டு, அம்மாவின் நகையை அடகு வைத்து, என் நான்கு வருட பொறியியல் படிப்புக்கான மொத்தச் செலவையும் அவர்தான் பார்த்தார். படித்து முடித்து ஆறு வருடம் வேலை பார்த்தேன். சேர்த்த பணத்தில் ஒரு சின்ன நிறுவனம் ஆரம்பித்தேன், இப்போது 11 பேர் வேலை பார்க்கிறார்கள். கல்லூரி நண்பர்கள் கூடியபோது பேச்சுவாக்கில் 'நான் சொந்த முயற்சியில வந்தவன்' என்று சொல்லிவிட்டேன். கல்விக் கடன் வாங்கிப் படித்த நண்பன் ஒருவன், 'உங்கப்பா பீஸ் கட்டினாரு, அப்புறம் என்ன சொந்த முயற்சி?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். அன்றிலிருந்து மனசே சரியில்லை. அவன் சொன்னது சரியா?
- வாசகர், பள்ளிக்கரணை

ப: பாதி சரி. ஆனால் எந்தப் பாதி என்பதில்தான் நீங்கள் இரண்டு பேருமே தடுமாறுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பீஸ் கட்டினால் வகுப்பில் உட்கார இடம் கிடைக்கும், அவ்வளவுதான். பரீட்சையை நீங்கள்தான் எழுதினீர்கள், வேலையை நீங்கள்தான் பார்த்தீர்கள், மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வெளியே வரும் துணிச்சலும் உங்களுடையதுதான். அப்பா பீஸ் கட்டிய பிள்ளைகள் உங்கள் வகுப்பில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள், எல்லோரும் நிறுவனம் நடத்தவில்லையே. அதனால் உங்கள் உழைப்பு பொய் என்று யாரும் சொல்ல முடியாது, உங்கள் நண்பரும் அதைச் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் 'சேர்த்த பணத்தில்' என்று ஒரே சொல்லில் தாண்டிப்போன இடம் இருக்கிறதே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்தச் சேமிப்பு எப்படிச் சாத்தியமானது? உங்கள் நண்பரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனிவட்டியாகப் பார்த்தாலே முதல் வருடம் வாங்கிய லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, அப்புறம் 30,000, 20,000. ஆக, தவணை ஆரம்பிக்கும் அன்று கடன் நான்கு லட்சம் இல்லை, 5.4 லட்சம். அதை ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 11,500 ரூபாய் இ.எம்.ஐ. புதிதாக ஐ.டி. வேலைக்குச் சேருகிற பையனுக்குக் கைக்கு 25,000 வந்தால் அதில் பாதி கிட்டத்தட்ட வங்கிக்கே போய்விடும், சென்னையில் அறை வாடகையும் சாப்பாடும் மிச்சத்தில். அறுபது தவணை கட்டி முடிக்கும்போது அவர் கையிலிருந்து சுமார் 6.9 லட்சம் போயிருக்கும்.

அதே ஐந்து வருடத்தில் அதே 6.9 லட்சம் உங்கள் கணக்கிலேயே இருந்தது. உங்கள் நிறுவனத்தின் முதல் மூலதனம் அதுதான் இல்லையா? அப்பா பீஸ் மட்டும் கட்டவில்லை, உங்கள் கம்பெனிக்கு முதல் முதலீட்டாளரும் அவர்தான். பங்குப் பத்திரம் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பணத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கடன் இருக்கிறவன் பிடிக்காத வேலையையும் விட முடியாது, இரண்டு தவணை தவறினால் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கான மதிப்பெண், விழும், நாளைக்கு அவன் தொழிலுக்குக் கடன் கேட்டுப் போனால் வங்கி அதைத்தான் முதலில் பார்க்கும். நீங்கள் தோற்றிருந்தால் வீட்டுக்குத் திரும்பி வந்து இன்னொரு வேலை தேடியிருப்பீர்கள். அவர் தோற்றால் வங்கியிலிருந்து போன் அவருக்கு வரும், அப்புறம் அவருடைய அப்பாவுக்கும் வரும். உங்கள் நண்பர் அன்றைக்குக் கேட்டதில் எரிச்சல் இருந்திருக்கலாம், ஆனால் அது இந்த வித்தியாசத்தை அனுபவித்தவரின் எரிச்சல்.

சரி, அப்படியானால் நண்பர் மட்டும் யார் உதவியும் இல்லாமல் வந்தவரா? அதுவும் இல்லை. கல்விக் கடன் விண்ணப்பத்தில் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து மத்திய அரசின் வட்டி மானியம் கிடைத்திருந்தால், படித்த காலத்து வட்டியை அரசு கட்டியிருக்கும், நான் மேலே போட்ட கணக்கும் குறையும். முதல் பட்டதாரி சலுகை வாங்கியிருந்தால் கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி தமிழக அரசின் கணக்கில். ஆகவே 'யாருடைய உதவியும் இல்லாமல்' என்ற போட்டியில் ஜெயிக்க ஆளே கிடைக்காது. அமெரிக்காவின் முதல் 400 பணக்காரர்களை வரிசைப்படுத்தும் ஃபோர்ப்ஸ் பத்திரிகை 2014 முதல் அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்குச் சுயமுயற்சிக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறது. அதில் பணக்காரப் பெற்றோர் கொடுத்த தொடக்கத்தோடு வந்தவருக்கே 7, அவரும் சுயமாக வந்தவர் கணக்கில்தான். நடத்துநர் மகனுக்கு அவர்கள் எவ்வளவு போடுவார்களோ, நான் அந்தப் பத்திரிகைக்கு எழுதிக் கேட்கப் போவதில்லை.

அப்துல் கலாமை எடுத்துக்கொள்ளுங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தும் சேர்வதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த நகையை மீட்பேன் என்று அன்று உறுதி எடுத்துக்கொண்டதாகக் கலாமே எழுதியிருக்கிறார். சுந்தர் பிச்சை 2020இல் பட்டம் பெற்றவர்களுக்காக இணைய வழியாகப் பேசியபோது, தான் ஸ்டான்ஃபோர்டு போன விமான டிக்கெட்டுக்கே அப்பாவின் ஒரு வருடச் சம்பளம் போனது என்றார். இப்படிச் சொன்னதால் இவர்கள் யாருடைய மதிப்பும் ஒரு கடுகளவு குறையவில்லை. யார் கொடுத்தார்கள், எதைக் கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்தே சொன்னார்கள், அதனால் 'அப்புறம் என்ன' என்று கேட்க யாருக்கும் இடமில்லாமல் போனது.

நீங்களும் அடுத்த முறை 'அப்பா பீஸ் கட்டினார், கடனே இல்லாமல் வெளியே வந்தேன், அதனால்தான் தொழிலில் இறங்க முடிந்தது, இறங்கிய பிறகு பட்டபாடு என்னுடையது' என்று சொல்லிப் பாருங்கள். இதில் பொய் எதுவும் இல்லை, வெட்கப்படவும் எதுவும் இல்லை. இன்னொன்று. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போனது கடிதத்தில் இருக்கிறது. திரும்பி வந்ததா என்பது இல்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

கே: ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்கிறேன். பத்தாம் வகுப்போடு நின்று, கடையில் எடுபிடியாக இருந்து முன்னுக்கு வந்தவன். மகனுக்குப் பீஸ் கட்ட எனக்கு வசதி இருக்கிறது. ஆனால் என் மைத்துனர், 'நீங்க கட்டினா அவனுக்குக் காசோட அருமை தெரியாது, பேங்க் லோன் போட வைங்க' என்கிறார். செய்யலாமா?
- வாசகர், ஈரோடு

ப: ஐயா, நீங்கள் பட்ட கஷ்டம் உண்மையானது. மகனுக்காக ஒரு கஷ்டத்தைச் செய்து கொடுத்தால் அது நாடகம் என்று அவனுக்கு முதல் மாதமே தெரிந்துவிடும், அப்பா கடையில் எவ்வளவு வியாபாரம் ஆகிறது என்று அவனுக்குத் தெரியாதா என்ன? வட்டி மட்டும் நிஜமாக ஓடும். தவிர, கடனில் நீங்களும் கையெழுத்துப் போட்டாக வேண்டும், அவன் கட்டவில்லை என்றால் உங்களைத்தான் கேட்பார்கள். கடன் நான்கு லட்சத்தைத் தாண்டினால் செலவில் ஒரு பங்கை வங்கி உங்கள் கையிலிருந்து போடச் சொல்லும், உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம்.

காசின் அருமை தெரிய வேண்டும் என்றால் கணக்கைக் காட்டுங்கள். இந்த வருட பீஸ் இவ்வளவு, விடுதி இவ்வளவு, இதற்காகக் கடையில் இந்தச் சரக்கைக் குறைத்துப் போட்டேன் என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லுங்கள். நம் வீடுகளில் பிள்ளையிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து மறைக்கிறோம், பிறகு 'அருமை தெரியல' என்று திட்டுகிறோம். செமஸ்டர் லீவில் கடையில் நிற்கட்டும், கைச்செலவை அதில் பார்த்துக்கொள்ளட்டும். அது போதும்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. பீஸ் கட்டும் அப்பாக்களில் சிலர் அந்த ரசீதை இருபது வருடம் பத்திரமாக வைத்திருப்பார்கள். 'உன்னைப் படிக்க வெச்சேன்ல, நான் சொல்ற பொண்ணைக் கட்டு', 'நான் கட்டின பீஸு, நான் சொல்ற கோர்ஸ்'. இப்படி ஒரு கயிறு அந்தப் பணத்தில் இருந்தால், பிள்ளை வங்கிக்கே கடன்பட்டுத் தொலையலாம், வங்கி மேலாளர் கல்யாண விஷயத்தில் தலையிட மாட்டார். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்து வைத்தது. பல வருடமாகப் பிரிந்து வாழ்ந்த தம்பதி, மகள் அயர்லாந்தில் படிக்கிறார். அப்பா படிப்புக்காகக் கொடுத்த 43 லட்சத்தைத் தன்மானம் கருதி அந்தப் பெண் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார், அப்பா வாங்கவில்லை. படிப்புச் செலவைப் பெற்றோரிடமிருந்து பெறுவது மகளின் சட்டப்பூர்வ உரிமை, அந்தப் பணத்தை அவர் வைத்துக்கொள்ளலாம் என்றது நீதிமன்றம். அதைப் பிச்சையாகவோ கடனாகவோ நீதிபதிகள் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்காதீர்கள். கட்டுங்கள், கட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

கே: அண்ணனுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்க ஊரில் இருந்த நிலத்தை விற்றார்கள். அடுத்த வருடம் நான் பிளஸ் டூ முடித்தபோது 'பணம் இல்லை' என்று அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர்த்தார்கள். படித்து, தேர்வு எழுதி, இப்போது அரசு வேலையில் இருக்கிறேன். அண்ணன் வெளிநாட்டில் இருந்துகொண்டு 'என் உழைப்பால உயர்ந்தேன்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாணத்துக்குப் போட்ட நகையோடு என் பங்கு முடிந்துவிட்டது என்றும் வீட்டில் சொல்கிறார்கள்.
- வாசகி, தூத்துக்குடி

ப: பற்றிக்கொண்டுதான் வரும், வராவிட்டால்தான் ஆச்சரியம். முதல் கடிதத்துக்காரருக்கு நான் சொன்னது உங்கள் அண்ணனுக்கு இன்னும் இரண்டு மடங்கு பொருந்தும், ஏனென்றால் அவருடைய படிப்புக்குப் பெற்றோர் மட்டும் செலவழிக்கவில்லை, உங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்ந்து செலவாகியிருக்கிறது. நம் குடும்பங்களில் பெண்ணுக்குப் போட்ட நகையைப் பவுன் கணக்கில் எல்லோரும் நினைவு வைத்திருப்பார்கள். பையனுக்குக் கட்டிய கேப்பிட்டேஷன் பணத்தை மட்டும் யாரும் பாகப்பிரிவினை நோட்டில் எழுத மாட்டார்கள். அதை எழுதச் சொல்லுங்கள். நிலம் எந்த வருடம் என்ன விலைக்குப் போனது என்று பத்திரத்தில் இருக்கும்.

நகையோடு பங்கு முடிந்தது என்பது சட்டம் இல்லை. நீங்கள் இந்து வாரிசுச் சட்டத்துக்குள் வருகிறவர் என்றால், பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே சம உரிமை உண்டு. தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது, அதில் அதற்கு முன்பே திருமணமானவர்கள் விடுபட்டார்கள். 2005இல் மத்தியச் சட்டமே மாறியது, அந்த உரிமை பிறப்பால் வருவது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் மட்டும் முழுவதையும் அவர் விருப்பப்படி உயில் எழுதலாம். விற்ற நிலம் எந்த வகை, மிச்சம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஸ்டேட்டஸுக்குக் கீழே எதுவும் எழுதாதீர்கள், அண்ணனுக்கு நேராகப் போன் போட்டுக் கேளுங்கள்.

கே: என் கல்விக் கடன் என் பெயரில், அப்பா இணைக் கடன்தாரர். தவணையை நான்தான் கட்டுகிறேன். வருமான வரிச் சலுகை யாருக்கு?
- வாசகி, திருச்சி

ப: உங்கள் சம்பளத்திலிருந்து நீங்கள் கட்டுகிறீர்கள் என்றால் உங்களுக்குத்தான். வருமான வரியில் 80இ பிரிவு என்று நமக்குப் பழகிய அந்தச் சலுகை வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை. வட்டி கட்ட ஆரம்பித்த வருடத்திலிருந்து மொத்தம் எட்டு வருடம் வரை கிடைக்கும், பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ படிப்புக்கென்று வாங்கிய கடனாக இருக்க வேண்டும், மாமாவிடம் வாங்கிய கைமாற்றுக்குக் கிடையாது. வங்கியில் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்கி, சம்பளப் பிரிவில் கொடுத்துவிடுங்கள்.