பக்கத்துத் தெருவின் தொலைபேசி எண்

கேள்வி: எங்கள் பகுதியில் இரு சமூகத்தினர் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்கிறோம். வேறோர் ஊரில் நடந்த மோதலின் பதற்றம் இங்கும் பரவியிருக்கிறது. இளைஞர்கள் இரவுக் காவல் போட வேண்டும் என்கிறார்கள். பெரியவர்கள் அமைதிக் குழு அமைக்கலாம் என்கிறார்கள். எது பயன் தரும்?

பதில்: ஒரு தரப்பு இளைஞர்கள் மட்டும் இரவில் தெருமுனையில் நிற்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நீங்கள் தற்காப்பு என்று எண்ணிச் செய்வது, எதிர்த்தெருவிலிருந்து பார்ப்பவருக்குத் தாக்குதலுக்கான ஆயத்தமாகவே தெரியும். அவர்களும் ஆட்களை நிறுத்துவார்கள். பிறகு ஒரு சின்னத் தள்ளுமுள்ளு போதும். காவல் வேண்டுமானால் இரு தெருக்காரர்களும் சேர்ந்தே நிற்க வேண்டும்.

அமைதிக் குழு நல்ல யோசனைதான். ஆனால் அது பதற்றத்தின்போது மட்டும் கூடி, அறிக்கை விட்டுக் கலைந்துவிடுவதாக இருக்கக் கூடாது. 1970இலும் 1984இலும் கலவரத்தால் சிதைந்த மகாராஷ்டிர நகரமான பிவண்டியில், 1988 முதல் காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே மொஹல்லாக் குழுக்களை, அதாவது குடியிருப்புப் பகுதிக் குழுக்களை, அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் காவலர்களோடு உட்கார்ந்து அன்றாடச் சிக்கல்களைப் பேசித் தீர்த்துக்கொண்டதால் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் வளர்ந்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் அருகிலிருந்த மும்பையில் ஏறத்தாழ 900 பேர் உயிரிழந்தபோது, பிவண்டி பெரிய வன்முறையின்றித் தப்பியது. அந்த நாள்களில் கைகொடுத்தது நான்காண்டுக் காலம் கூடிக்கூடிச் சேர்த்த அறிமுகம்.

அண்டை வீட்டார் சிரித்துப் பேசிக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். இந்திய நகரங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த அரசியல் அறிஞர் அசுதோஷ் வார்ஷ்ணே, உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் கலவரங்கள் மீண்டும் மீண்டும் நிகழ, கோழிக்கோட்டில் அமைதி நிலைத்ததற்கு, இரு சமூகத்தினரும் சேர்ந்தே இயங்கும் வணிகர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் முக்கியக் காரணம் என்கிறார். கூட்டாக நடத்தும் ஓர் அமைப்பு குலைந்தால் இருவருக்கும் நட்டம் என்பதால், அதைக் காப்பாற்ற இருவருமே முன்வருவார்கள். எனவே உங்கள் பகுதியில் ஏற்கெனவே கலந்து இயங்கும் சங்கம் எதுவோ, அதிலிருந்தே தொடங்குங்கள்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். கென்யாவின் வஜீர் பகுதியில் குலங்களுக்கிடையே சண்டை நடந்துகொண்டிருந்தபோது, டேக்கா இப்ராகிம் அப்தி உள்ளிட்ட பெண்கள் 1993இல் முதலில் எடுத்துக்கொண்ட வேலை, எக்குலத்துப் பெண்ணும் சந்தையில் அச்சமின்றி வாங்கவும் விற்கவும் முடிய வேண்டும் என்பதுதான். சந்தை அமைதியான பிறகே பெரியவர்களையும் இளைஞர்களையும் பேச்சுக்கு அழைத்தார்கள்.

பழைய கலவரத்தில் பாதிக்கப்பட்டவர்கள் உங்களிடையே இருந்தால், அவர்களுடைய குறையை முதலில் கேளுங்கள். அதை மூடி மறைக்கும் குழுவை அவர்கள் ஒருபோதும் நம்பமாட்டார்கள்.

கேள்வி: வாட்ஸ்அப் வதந்திகளை எப்படித் தடுப்பது?

பதில்: தடுக்க முடியாது, ஆனால் விரைவாகச் சரிபார்க்க முடியும். "அந்தத் தெருவில் நம் பையனை அடித்துவிட்டார்கள்" என்று இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தயங்காமல் அழைக்கக்கூடிய, மறுதரப்பைச் சேர்ந்த இருவரின் எண்கள் ஒவ்வொரு தரப்பிடமும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, பையன் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொன்னால், அதை அவர் குரலிலேயே பதிவுசெய்து இரு தரப்பு வாட்ஸ்அப் குழுக்களுக்கும் உடனே அனுப்புங்கள். அடித்தது உண்மையாகவே இருந்தால் மழுப்பாமல் ஒப்புக்கொண்டு, காவல் நிலையத்துக்கு இரு தரப்பினரும் சேர்ந்தே செல்லுங்கள். அந்த எண்களை இந்த வாரமே வாங்கி வைத்துவிடுங்கள்.