455 கோடி ஆண்டு: யார் எண்ணிப் பார்த்தது?

ஐயா, பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயது, பூமிக்கு 455 கோடி வயது என்று எழுதியிருந்தீர்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள், "அப்போ யாருமே இல்லையே, யார் எண்ணிப் பார்த்தது?" என்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இது ஊகம்தானா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஊகம் இல்லை, அளந்து சொன்னது. பிரபஞ்சத்தின் வயதை அறியும் வழி வேறு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது பூமி.

யுரேனியம் மெல்லச் சிதைந்து ஈயமாகிக்கொண்டே இருக்கும். அதில் யுரேனியம்-238 என்ற வகை பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு. பாறை சூடானாலும் குளிர்ந்தாலும் இந்த வேகம் மாறாது. ஆகவே சேர்ந்திருக்கும் ஈயத்தை அளந்தால் வயது கிடைக்கும். ஆனால் ஆரம்பத்திலேயே இருந்த ஈயத்தைக் கழிக்க வேண்டுமே? கணக்குப் புத்தகத்தில் 'ஆரம்ப இருப்பு' என்று எழுதுவோமே, அது தெரியவேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் விழுந்த கேன்யன் டயப்லோ என்ற இரும்பு விண்கல்லில் அது கிடைத்தது. அதிலுள்ள ஒரு கனிமத்தில் யுரேனியம் இல்லை என்றே சொல்லலாம். சூரியக் குடும்பம் உருவானபோது இருந்த ஈயம் அப்படியே அதில் தங்கியிருக்கிறது.

இதை அளந்தவர் கிளேர் பேட்டர்சன். 1940களின் இறுதியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்தார். எத்தனை முறை அளந்தாலும் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு ஈயம் காட்டியது. அது கல்லில் இருந்தது அல்ல. காற்றிலிருந்து, குழாய்த் தண்ணீரிலிருந்து, சுவர்ப் பூச்சிலிருந்து, அவருடைய தலைமுடியிலிருந்துகூட வந்து கலந்த ஈயம். வருஷக்கணக்காகத் தேய்த்தார், கழுவினார், பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்தார். அப்புறம் கலிபோர்னியாவிலுள்ள கால்டெக் பல்கலைக்கழகத்தில் தூசியே நுழையாத ஆய்வகம் ஒன்றைக் கட்டினார். 1953இல் விண்கல்லின் ஈயத்தை அளந்தார். பூமியின் ஈயத்துக்கு மாதிரியாக எடுத்த ஆழ்கடல் வண்டலின் ஈயமும் அதே கணக்கில் வந்து பொருந்தியது. அப்படியென்றால் பூமிக்கும் விண்கற்களுக்கும் ஒரே வயது. 1956இல் வெளியிட்ட விடை: 455 கோடி, முன்பின் 7 கோடி. இன்றைய அளவீடுகளும் அந்த வரம்புக்குள்தான் நிற்கின்றன.

எனக்கு அவரைப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகத்துக்குள் இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை அவர் விடவில்லை. கடல்நீரிலும் துருவப் பனியிலும் தேடினார். பெட்ரோலில் கலந்த ஈயம்தான் பெரிய காரணம் என்று கண்டு, அந்தத் தொழில்துறையை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். அமெரிக்காவில் அது படிப்படியாக நின்றது. இந்தியாவில் 2000இல் நின்றது. அதற்கு முன் நம் ஊர் பெட்ரோல் பங்குகளில் 'அன்லெடட்' (ஈயம் கலக்காதது) என்று தனியாக எழுதி வைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மகளுக்கு அதிலிருந்தே சொல்லத் தொடங்கலாம்.